சங்கிலி பிடித்தவர்கள்

பாம்பன் கடலைத் தாண்டும்போது ரயில் வண்டி மெதுவாகத்தான் செல்லும். அவ்வேளையில் வண்டிக்குள் இருப்போர் அத்தனை பேரும் ஜன்னல் பக்கம் சாய்ந்து விடுவார்கள். கீழே நீலக் கடல், தூரத்தில் பனைமரங்கள், இராமேசுவரம் தீவின் வெண்மணல். காசிக்குப் போய் வந்தவரானாலும், பள்ளிக்கூடத்துப் பிள்ளையானாலும், அந்த இரண்டு கிலோமீட்டர் தூரத்தில் வாய் பேசாமல் இருந்து விடுகிறார்கள்.

2025-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் திறக்கப்பட்ட புதிய பாலத்தின் மீது இப்போது வண்டி ஓடுகிறது. பழைய பாலம் 1914-ம் ஆண்டு பிப்ரவரியில் திறக்கப்பட்டது. அந்தப் பழைய பாலத்துக்கும் சரியாக நூறு ஆண்டுகளுக்கு முன்னால், 1814-ல், இதே கரையில் ஒரு சிறு கூட்டம் வேலை செய்தது. அவர்கள் தீர்த்தமாட வந்த யாத்திரிகர்கள் அல்லர். முத்து வாங்க வந்த வியாபாரிகளும் அல்லர். தரையை அளக்க வந்தவர்கள்.

கும்பெனியாரின் உதவி ரெவினியூ சர்வேயர் தாமஸ் டர்ன்புல் என்பவர் அந்த வேலையை நடத்தினார். மறவர் நாடு எனப்பட்ட இராமநாதபுரம் சீமை, இராமேசுவரம் தீவு, திருநெல்வேலிச் சீமை ஆகியவற்றின் அளவையும் விவரங்களையும் சொல்லும் குறிப்பு நூல் ஒன்று அவர் பெயரால் நிலைத்து விட்டது. பிற்காலத்தில் அது அச்சிலும் ஏறிற்று. 1814-ல் அளக்கப்பட்டது என்று அதன் தலைப்பே சொல்கிறது.

ஆனால் ஒருவரே நின்று ஒரு சீமையை அளந்துவிட முடியுமா? சங்கிலியின் ஒரு முனையை ஒருவர் பிடித்தால், மறு முனையைப் பிடிக்க இன்னொருவர் வேண்டும். கொடிக்கம்பம் நட ஒருவர், கருவியைச் சுமக்க ஒருவர், ஊரின் பெயரைச் சொல்ல ஒருவர், கடலைக் கடத்தி விடப் படகோட்டி ஒருவர் வேண்டும். அவர்கள் யார்? சரித்திரம் அந்த இடத்தில் அநேகமாக மௌனம் சாதிக்கிறது.

அதே ஆண்டில் ஒரு புத்தகம்

1814-ம் ஆண்டுக்கு வேறொரு விசேஷமும் உண்டு. உலகத்தின் மறு பக்கத்தில், அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், அவ்வாண்டுதான் ஒரு பிரசித்தி பெற்ற பிரயாண நூல் வெளிவந்தது. மெரிவெதர் லூயிஸ், வில்லியம் கிளார்க் என்ற இரு தலைவர்கள் அமெரிக்கக் கண்டத்தைத் தரை மார்க்கமாகக் கடந்த வரலாறு அது.

1803-ல் ஜனாதிபதி ஜெபர்சன் பிரான்ஸ் தேசத்திடமிருந்து லூயிசியானா என்ற பெரும் நிலப்பரப்பை 1 கோடியே 50 லட்சம் டாலருக்கு விலைக்கு வாங்கினார். வாங்கிய நிலத்தில் என்ன இருக்கிறது என்று வாங்கியவருக்கே தெரியாது. மலை எங்கே, ஆறு எங்கே, அங்கே வாழும் ஜனங்கள் யார் என்று பார்த்து எழுதி வர ஒரு கூட்டம் அனுப்பப்பட்டது. 1804-ம் ஆண்டு மே மாதம் புறப்பட்ட அவர்கள் மிஸௌரி ஆற்றில் எதிர்நீச்சலாகப் படகு தள்ளி, மலைத்தொடரைக் கடந்து, 1805 நவம்பரில் பசிபிக் சமுத்திரத்தைக் கண்டார்கள். 1806 செப்டம்பர் 23-ந் தேதி செயின்ட் லூயி நகருக்குத் திரும்பினார்கள்.

இரண்டு தலைவர்களின் பெயரை உலகம் அறியும். கூட வந்தவர்கள்?

1805 ஏப்ரலில் மேற்கு நோக்கிக் கிளம்பிய கூட்டத்தில் மொத்தம் 33 பேர். அதில் சகாஜவேயா என்ற ஷொஷோனி குலப் பெண்ணும் ஒருத்தி. வயது பதினாறு, பதினேழுதான் இருக்கும். முதுகில் இரண்டு மாதக் கைக்குழந்தை. ஒருநாள் காற்றில் படகு சாய்ந்தபோது, மிதந்து போன சாமான்களைப் பதறாமல் எட்டி எட்டி எடுத்துக் காத்தவள் அவள். மலையைத் தாண்டக் குதிரை கிடைக்காமல் கூட்டம் தவித்தபோது, எதிர்ப்பட்ட ஷொஷோனித் தலைவன் அவளுடைய கூடப் பிறந்த அண்ணனாகவே இருந்தான். குதிரைகள் கிடைத்தன. கூட்டம் பிழைத்தது.

யார்க் என்ற கறுப்பு மனிதரும் இருந்தார். அவர் கிளார்க்கின் அடிமை. துப்பாக்கி பிடித்தார், வேட்டையாடினார், நோயாளிகளைப் பார்த்துக் கொண்டார், மற்றவர்கள் செய்த வேலை எல்லாம் செய்தார். பசிபிக் கரையில் குளிர்காலத்தை எங்கே கழிப்பது என்று எல்லோரிடமும் அபிப்பிராயம் கேட்டபோது, யார்க்கின் கருத்தும் சகாஜவேயாவின் கருத்தும் கேட்கப்பட்டன.

பியேர் குரூசாத் என்ற ஒற்றைக்கண் படகோட்டி பிடில் வாசித்துக் கூட்டத்தைக் களைப்பாற்றினார். அவரே பின்னொரு நாள் வேட்டையின்போது தவறுதலாகத் தலைவர் லூயிசையே சுட்டு விட்டார்! நல்லவேளையாக உயிருக்கு ஆபத்தில்லை. சார்லஸ் பிளாய்ட் என்ற சார்ஜண்ட் மட்டும் வழியில் நோயுற்று இறந்தார். அந்த நெடும் பிரயாணத்தில் கூட்டத்தார் இழந்த உயிர் அது ஒன்றுதான். பாட்ரிக் காஸ் என்ற இன்னொரு சார்ஜண்டின் நாட்குறிப்பு 1807-லேயே அச்சாகி, தலைவர்களின் நூலை ஏழு ஆண்டுகள் முந்திக்கொண்டது.

திரும்பி வந்ததும் கணக்குத் தீர்க்கப்பட்டது. சிப்பாய்கள் ஒவ்வொருவருக்கும் இரட்டைச் சம்பளம், 320 ஏக்கர் நிலம். தலைவர்கள் இருவருக்கும் தலைக்கு 1,600 ஏக்கர். சகாஜவேயாவின் கணவருக்கும் சம்பளமும் நிலமும் கிடைத்தன. சகாஜவேயாவுக்கு ஒன்றும் இல்லை. யார்க்குக்கும் ஒன்றும் இல்லை. விடுதலை கூட இல்லை! மனைவி இருந்த ஊரிலேயே தங்க வேண்டுமென்று அவர் மன்றாடியதையும், கிளார்க் அதற்குக் கோபித்து அவரைத் தண்டித்ததையும் கிளார்க்கின் கடிதங்களே காட்டிக் கொடுக்கின்றன.

மறவர் நாட்டில் சங்கிலி

இனி நம் கரைக்குத் திரும்புவோம். அமெரிக்கர்கள் புதிதாக வாங்கிய நிலத்தை அறிய ஆள் அனுப்பியது போலவே, இங்கே கும்பெனியாரும் புதிதாகப் பிடித்த நிலத்தை அறிய ஆள் அனுப்பினார்கள். 1799-ல் திப்பு சுல்தான் வீழ்ந்தார். 1801 அக்டோபரில் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். 1803-ல் சேதுபதிகளின் இராமநாதபுரம், இராணி மங்களேசுவரி நாச்சியாரின் பெயரில் ஜமீனாக ஆக்கப்பட்டது. அரசு ஜமீனாகிப் பதினோரு ஆண்டுகள் கழித்துச் சங்கிலி வந்தது.

அளப்பதற்குப் பயிற்சி பெற்ற ஆட்கள் எங்கிருந்து வந்தார்கள்? அதற்கு 1794-க்குப் போக வேண்டும். அவ்வாண்டு மைக்கேல் டாப்பிங் என்ற வானசாஸ்திரி சென்னையில் ஒரு சர்வே பள்ளியைத் தொடங்கினார். எட்டே மாணவர்களுடன் ஆரம்பமான அந்தச் சிறு பள்ளிதான் பிற்காலத்தில் வளர்ந்து கிண்டி என்ஜினீயரிங் கல்லூரி ஆயிற்று.

அங்கே சேர்ந்தவர்கள் பெரிய இடத்துப் பிள்ளைகள் அல்லர். சென்னை அநாதைப் பள்ளியில் வளர்ந்த சிறுவர்கள். தந்தை வெள்ளைக்காரச் சிப்பாய், தாய் இந்தியப் பெண் என்ற நிலையில் பிறந்தவர்களே அவர்களில் அதிகம். வெள்ளைக்காரச் சமூகம் அவர்களைத் தன்னோடு சேர்க்கவில்லை. ஊராரும் தம்மவராகக் கொள்ளவில்லை. பதினைந்து வயதுக்குள் கையில் காம்பஸும் சங்கிலியும் கொடுத்துக் காட்டுக்கும் மேட்டுக்கும் அனுப்பினார்கள். சீமையிலிருந்து வரும் அதிகாரிக்கு ஆகும் செலவில் சிறு பங்குதான் அவர்களுக்கு ஆகும் என்பது கும்பெனியாருக்குச் சௌகரியமாயிருந்தது. சென்னை மாகாணத்தின் உதவி சர்வேயர்கள் பெரும்பாலும் இந்தப் பள்ளி வழியே வந்தவர்கள்தாம்.

அளக்கும் முறை கேட்பதற்கு எளிது. அக்காலத்தில் வழக்கமாயிருந்த சங்கிலி ஒன்று 66 அடி நீளம். அதில் நூறு கண்ணிகள். எண்பது சங்கிலி சேர்ந்தால் ஒரு மைல். முன்னே போகிறவர் சங்கிலியை இழுத்துப் பிடித்து, முனையில் இரும்பு ஊசி ஒன்றைத் தரையில் குத்துவார். பின்னே வருகிறவர் அந்த ஊசியைப் பிடுங்கி எடுத்துக் கொண்டு நடப்பார். பத்து ஊசி கைக்கு வந்தால் பத்துச் சங்கிலி. ஒரு ஊசி எண்ணிக்கையில் தவறினால் ஓர் ஊரே இடம் மாறிப்போகும்!

கேட்பதற்கு எளிதான இந்த வேலை இராமநாதபுரம் சீமையில் எளிதாயிராது. இங்கே ஏறி நின்று நாலு திசையும் பார்க்க மலை கிடையாது. கண்ணுக்கு எட்டிய மட்டும் ஒரே சமதரை. கண்மாய்க் கரைகளும், பனங்காடும், உடைமரமும், கடலோரத்தில் மணல் மேடும்தான். வெயில் ஏறிவிட்டால் கானல் எழுந்து, தூரத்துக் கொடி இரண்டாகத் தெரியும். உப்பு மண்ணில் சங்கிலி துருப்பிடிக்கும். குடிதண்ணீருக்கே ஊற்றுத் தோண்ட வேண்டும். தீவுக்குள் சென்றால் உயரமான இடம் கந்தமாதன பர்வதம் ஒன்றுதான். அதுவும் பெயரளவில்தான் பர்வதம். பார்க்கப் போனால் ஒரு மணற்குன்று.

தீவுக்குள் செல்வதே ஒரு காரியம். பாலம் இல்லாத காலம் அது. பாம்பன் வாய்க்காலில் பாறை நிறைந்திருந்தது. ஆழமும் குறைவு. பெரிய கப்பல் போகும்படி அது வெட்டி ஆழமாக்கப்பட்டது 1830-களுக்குப் பிறகுதான். நீரோட்டம் எப்போது தெற்கே இழுக்கும், எப்போது வடக்கே இழுக்கும், பாறை எங்கே ஒளிந்திருக்கிறது என்பதெல்லாம் இந்தக் கரையின் படகோட்டிகளுக்கு மட்டுமே தெரிந்த வித்தை. சகாஜவேயா இல்லாமல் லூயிசும் கிளார்க்கும் மலை தாண்டியிருப்பது கடினம். பாம்பன் படகுக்காரர் இல்லாமல் எந்தச் சர்வேயரும் தீவில் கால் வைத்திருக்க முடியாது.

ஊர்ப் பெயர் விஷயமும் அப்படியே. கணக்குப்பிள்ளை ஏட்டைப் பிரித்துச் சொன்னால்தான் எந்த நிலம் எந்தச் சத்திரத்துக்குரிய தர்மம், எது கோயில் மானியம் என்று தெரியும். தலையாரி கூட நடந்து கையை நீட்டிக் காட்டினால்தான் எல்லை தெரியும். சேதுயாத்திரைப் பாதை நெடுகச் சேதுபதிகள் கட்டிவைத்த சத்திரங்களும், கண்மாய்களும், மடைகளும் ஊராரின் நாவிலிருந்துதான் காகிதத்தில் ஏறின.

துரை ஊரில் இல்லை

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. 1810-ல் சென்னை மாகாணத்தின் சர்வேயர் ஜெனரலாக நியமிக்கப்பட்டவர் காலின் மெக்கன்சி. தென்னிந்திய ஏடுகளையும் சாசனங்களையும் திரட்டியவர் என்று புகழ் பெற்ற அதே மெக்கன்சி துரைதான். ஆனால் 1811-ல் அவர் ஜாவா படையெடுப்புக்குப் போய்விட்டார். 1815-ல்தான் சென்னை திரும்பினார். 1814-ல் இராமநாதபுரம் அளக்கப்பட்டபோது தலைவர் ஊரிலேயே இல்லை. வேலை மட்டும் நிற்கவில்லை!

மெக்கன்சியின் புகழுக்குப் பின்னாலும் ஒரு கூட்டம் உண்டு. ஏலூரைச் சேர்ந்த காவலி வெங்கட போரய்யா 1796 வாக்கில் அவரிடம் சேர்ந்தார். அப்போது போரய்யாவுக்கு இருபது வயதுதான். மெக்கன்சிக்கு இந்நாட்டுப் பாஷைகள் சரளமாக வாரா. போரய்யாதான் ஊர் ஊராகச் சென்று, பண்டிதர்களோடு பழகி, கல்வெட்டுகளைப் படித்துச் சொன்னார். இந்திய அறிவின் வாசல் தமக்குத் திறந்தது போரய்யாவினால்தான் என்று மெக்கன்சியே பின்னாளில் மனமுவந்து எழுதினார். 1803-ல், முப்பது வயது நிரம்பும் முன்பே, போரய்யா காலமானார்.

தமையன் விட்ட இடத்தில் தம்பி இலட்சுமய்யா தொடர்ந்தார். அவர் பற்பல சீமைகளுக்கும் ஆட்களை அனுப்பி, ஏடு சேர்ப்பித்து, வந்தவற்றைத் தரம் பார்த்தார். இப்படிச் சேர்ந்தவை 1,568 இலக்கியச் சுவடிகள், 8,076 சாசனப் பிரதிகள், 6,218 நாணயங்கள். மறவர் குலத்தைப் பற்றிய ஏடுகளும் அவற்றில் உண்டு. இன்று அச்சுவடிகளில் பெரும் பகுதி சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கிறது.

1821-ல் மெக்கன்சி இறந்தார். அந்தத் தொகுப்பைக் கும்பெனியார் அவருடைய மனைவியிடமிருந்து ஒரு லட்சம் ரூபாய்க்கு வாங்கினார்கள். 1830-களில் இலட்சுமய்யா, நின்று போன வேலையைத் தாமே தொடர்ந்து நடத்த அனுமதி கேட்டார். கால் நூற்றாண்டுக்கும் மேலாக அதே வேலையைச் செய்தவர் அவர். கல்கத்தா ஆசியக் கழகத்தின் கருத்துக் கேட்கப்பட்டது. அங்கே செயலாளராக இருந்த ஜேம்ஸ் பிரின்செப், ஆராய்ந்து தீர்ப்புச் சொல்லும் அத்தகைய திறமையை ஓர் இந்தியரிடம் எதிர்பார்க்க முடியாது என்று அபிப்பிராயம் எழுதினார். அனுமதி மறுக்கப்பட்டது. சுவடிகளை ஆராயும் வேலை பின்னர் வில்லியம் டெய்லர் என்ற பாதிரியாரிடம் போயிற்று.

யார்க்குக்கு நிலம் மறுத்த மனமும், இலட்சுமய்யாவுக்கு வேலை மறுத்த மனமும் ஒன்றுதான். கடல்தான் வேறு.

கோபுரத்தில் மோதிய கருவி

இதே காலத்தில் தமிழ்நாட்டில் இன்னொரு பேரளவும் நடந்தது. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலை அருகே ஏழரை மைல் நீளக் கோடு ஒன்றை அளந்து ஆரம்பித்த வேலை அது. பின்னாளில் இமயம் வரை சென்றது. அவரிடமிருந்த தியோடலைட் என்ற கோணமானி அரை டன் எடையுள்ளது. சமவெளியில் உயரம் தேடிக் கோயில் கோபுரங்களில் அதை ஏற்றினார்கள். 1808-ல் தஞ்சைப் பெரிய கோயிலில் ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கியது. லாம்டன் வாரக்கணக்கில் கூடாரத்துக்குள்ளேயே இருந்து அதைச் செப்பனிட்டார் என்பது எல்லோரும் எழுதும் கதை. அந்த அரை டன்னை அவ்வளவு உயரத்துக்கு இழுத்த கைகளைப் பற்றி எழுதியவர் குறைவு.

1819-ல் கிருஷ்ணா, கோதாவரி நதிகளுக்கு இடைப்பட்ட காட்டில், எவரெஸ்ட் என்ற இளம் அதிகாரியின் தலைமையில் சென்ற கூட்டத்தைக் காய்ச்சல் தாக்கிற்று. அநேகமாக எல்லோரும் படுத்து விட்டனர். பதினைந்து பேர் மாண்டனர். அமெரிக்கக் கூட்டத்தில் இறந்த ஒரு பிளாய்டுக்கு நூறு அடி உயர ஸ்தூபி எழுந்திருக்கிறது. இந்தப் பதினைந்து பேருக்குப் பெயரும் இல்லை, நடுகல்லும் இல்லை. தலைமை தாங்கிய அதிகாரியின் பெயரோ உலகத்திலேயே உயர்ந்த சிகரத்தின் மேல் நிற்கிறது!

காலம் கடந்த கணக்கு

அமெரிக்கர்கள் தாமதமாகவேனும் கணக்கைத் திருத்தினார்கள். 2000-ம் ஆண்டில் சகாஜவேயாவின் உருவம் பொறித்த டாலர் நாணயம் வந்தது. குழந்தை அவள் முதுகிலேயே இருக்கிறது. 2001 ஜனவரியில் ஜனாதிபதி கிளின்டன், யார்க்குக்கும் சகாஜவேயாவுக்கும் கௌரவ சார்ஜண்ட் பதவி அளித்தார். கேட்டுக் கொள்ள இருவரும் இல்லை. ஆனால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அந்தப் பெயர்களைப் படிக்கிறார்கள்.

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு சித்திரம் சாட்சி சொல்கிறது. 1816-ல் தாமஸ் ஹிக்கி என்ற ஓவியர் மெக்கன்சியை வரைந்தார். சிவப்புச் சட்டையில் துரை நடுவே நிற்கிறார். அவரைச் சுற்றி இந்தியர் மூவர். ஒருவர் கையில் ஏடு. இன்னொருவர் கையில் தூரதிருஷ்டிக் கண்ணாடி. அந்தக் காலத்துப் படங்களில் துரையுடன் நிற்கும் சிப்பந்திகளுக்கு இடம் கிடைப்பதே அபூர்வம். இராமநாதபுரத்தில் சங்கிலி பிடித்தவர்களுக்கு அந்த அளவு பாக்கியமும் கிட்டவில்லை.

அவர்கள் விட்டுச் சென்றது அளவுதான். அந்த அளவுக்கு என்ன மதிப்பு என்பதைக் கடல் வந்து சொல்லிற்று. 1964 டிசம்பர் 22-ந் தேதி இரவு வீசிய புயலில் தனுஷ்கோடி ஊர் அழிந்தது. ரயில் நிலையமும், தபாலாபீசும், மாதா கோயிலும் இடிந்து மணலில் நிற்கின்றன. தண்டவாளம் கிடந்த இடத்தைக் கடல் மூடிற்று. இந்தக் கரை முன்பு எப்படி இருந்தது, நிலம் எதுவரை நீண்டிருந்தது, எங்கே சத்திரம் இருந்தது, எங்கே ஊற்று இருந்தது என்று அறிய வேண்டுமானால், பழைய படங்களையும் பழைய குறிப்புகளையும்தான் தேட வேண்டும். கடல் கொண்டு போன தரையும் காகிதத்தில் பத்திரமாய் இருக்கிறது. வெயிலில் ஊசி குத்தி, ஊசி பிடுங்கி, எண்ணிக்கை தவறாமல் நடந்தவர்களின் உழைப்பு அது.

இன்றும் கிராமத்துக்குச் சர்வேயர் வந்தால் செயின்மேன் ஒருவர் கூடவே வருவார். வானத்துச் செயற்கைக் கோளைப் பார்த்து அளக்கும் கருவி வந்து விட்டது. ஆனாலும் புதருக்குள் புதைந்து கிடக்கும் சர்வே கல்லைத் தேடி, மண்ணை விலக்கிக் காட்ட ஓர் ஆள் வேண்டியிருக்கிறது. வரப்போரத்தில் அந்தக் கல்லைக் காணும்போது, படத்தில் பெயர் எழுதியவரை மட்டும் நினைத்துவிட்டுப் போவது நியாயமாகாது. அவருக்குப் பின்னே, சங்கிலியின் மறு முனையைப் பிடித்துக் கொண்டு இன்னொருவர் நின்றார்.